‘கதவில் கை நசுங்கியது’: வேலைக் காயம் நோய் விடுப்பாகப் பதிவான ஒரு நிகழ்வு

சென்னைப் புறநகரில் 22 பேர் வேலை செய்யும் ஒரு தகடு பிரஸ் பட்டறையில் 2023 ஆகஸ்டில் நடந்த விபத்தும், அதற்கான தற்காலிக ஊன உதவித்தொகை கைக்கு வந்து சேர்ந்த வழியும் இங்கே பதிவாகின்றன. ஆட்களின் பெயரும் பட்டறையின் பெயரும் தரப்படவில்லை. அப்போது நடைமுறையில் இருந்தது தொழிலாளர் அரசு காப்பீட்டுச் (ஈ.எஸ்.ஐ.) சட்டம், 1948. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டது. ஆகவே கீழே வரும் பிரிவு எண்களும் விதிகளும் அன்று இருந்த பழைய சட்டங்களுடையவை.

பின்னணி

தொழிலாளிக்கு வயது 26. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர். 2023 ஜூன் 5ஆம் தேதி வேலைக்குச் சேர்ந்தார். நாள் கூலி 600 ரூபாய் என்று பேச்சு. அதில் 400 ரூபாய் சம்பளப் பதிவேட்டில் ஏறும், மாதக் கடைசியில் வங்கிக்கு வரும். மீதி 200 ரூபாய் ‘வருகைப் படி’ என்ற பெயரில் சனிக்கிழமைதோறும் வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரொக்கமாகத் தரப்படும். ஒரு முழு வாரத்துக்கு 1,200 ரூபாய்.

புதிதாகச் சேர்பவரைப் பத்து நாளுக்குள் ஈ.எஸ்.ஐ.யில் பதிவு செய்ய வேண்டும். இந்தப் பட்டறையில் முதல் மாதம் ‘ட்ரையல்’ என்று விட்டுவிடுவது வழக்கம். எனவே அவர் பெயர் ஜூலை 1 முதல்தான் ஏறியது. ஜூலை மாதக் கணக்கில் 26 நாள், 10,400 ரூபாய் என்று காட்டப்பட்டிருந்தது. உண்மையில் அந்த மாதம் அவருக்குக் கிடைத்தது 15,600 ரூபாய். காப்பீட்டு எண் போட்டிருக்கிறார்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். கணக்கில் என்ன கூலி ஏறியிருக்கிறது என்பதை அவர் பார்த்ததில்லை.

விபத்து

ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை, மாலை ஐந்து மணிக்குச் சற்று முன். 40 டன் மெக்கானிக்கல் பிரஸ்ஸில் 2 மி.மீ. தகட்டிலிருந்து பிராக்கெட் வெட்டும் வேலை. அந்த மெஷினை இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ஓட்ட முடியும். கை டைக்குள், அதாவது தகட்டை வெட்டும் அச்சுக்குள், இருக்கும்போது ஸ்ட்ரோக் இறங்கக்கூடாது என்பதற்காகவே அந்த அமைப்பு. ஆனால் இடது பொத்தானின் மேல் மடித்த அட்டையைச் செருகி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, அது எப்போதும் அழுந்தியே இருக்கும்படி செய்திருந்தார்கள். ஒரு கையால் ஓட்டினால் மறு கையால் அடுத்த தகட்டை வைக்கலாம், பீஸ் கணக்கு ஏறும். டையில் சிக்கிய துண்டை வலது கையால் தட்டிவிடும்போது இடது கை வலது பொத்தானில் பட்டது. வலது ஆட்காட்டி விரலின் நுனிக் கணு துண்டானது. நடுவிரலில் எலும்பு முறிவு.

சூப்பர்வைசர் அவரைப் பைக்கில் அருகிலிருந்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். பதிவுச் சீட்டில் காயத்துக்கான காரணத்தைச் சொன்னவரும் அவர்தான்: வீட்டில் இரும்புக் கதவில் கை நசுங்கியது. அறுவை முடிந்து ஆகஸ்ட் 19 அன்று டிஸ்சார்ஜ். பில்லைப் பட்டறை கட்டியது. செலவுக்கு 3,000 ரூபாய் கொடுத்து, ‘பாதிச் சம்பளம் போட்டுடறோம், ஆறினதும் வா’ என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த ‘பாதிச் சம்பளம்’ எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்களுக்கு அப்போது இருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில், தற்காலிக ஊனத்துக்கு அரை மாதத்துக்கு ஒரு முறை மாதக் கூலியில் 25 சதவீதம் தர வேண்டியிருந்தது. கூலி எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுத்துக்கொண்ட உச்சம் 15,000 ரூபாய். ஆக மாதத்துக்கு 7,500 ரூபாய். ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்குத் தினசரிச் சராசரிக் கூலியில் 90 சதவீதம். அது ஞாயிற்றுக்கிழமைக்கும் உண்டு. நாள் கூலி 600 என்றால் நாளுக்கு 540, முப்பது நாளுக்கு 16,200 ரூபாய். 26 நாள் வேலை செய்து வாங்கும் 15,600ஐ விடவும் இது கூடுதல். பட்டறை சொன்ன வார்த்தையை நம்பி வீட்டில் இருந்திருந்தால் பாதிக்கு மேல் போயிருக்கும். அதுகூடக் கடைசி வரை வரவில்லை.

முதல் மூன்று வாரம்

ஆகஸ்ட் 28 அன்று காயத்தில் சீழ் வைத்ததால், உறவினர் ஒருவர் அவரை ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு அழைத்துப்போனார். டாக்டர் தனியார் மருத்துவமனைச் சீட்டைப் பார்த்தார். ‘வீட்டுக் கதவு’ என்று இருந்தது. விபத்து அறிக்கை எதுவும் வந்திருக்கவில்லை. சாதாரண நோய் விடுப்புக்கான முதல் சர்டிபிகேட்டை எழுதிக்கொடுத்தார். அவர் முன் இருந்த தாளை வைத்துப் பார்த்தால் வேறு எதுவும் எழுத முடியாது.

இந்த ஒரு பதிவு எல்லாவற்றையும் மாற்றியது. நோய்க்கால உதவித்தொகை கூலியில் 70 சதவீதம்தான், அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரைதான். அதைப் பெற ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் ஒன்பது மாதம் பயன் காலமே, அதாவது அந்தத் தொகையைப் பெறக்கூடிய காலமே, தொடங்காது. வேலைக் காயத்துக்கோ இத்தகைய தகுதிக்காலம் கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் தொகை உண்டு, குணமாகும் வரை உண்டு. விபத்து நாளைத் தவிர்த்துக் குறைந்தது மூன்று நாள் வேலை செய்ய முடியாமல் இருந்தால் போதும். இவரிடம் இருந்த தகுதி வேலைக் காயத்துக்கானது, கையில் இருந்த சர்டிபிகேட் நோய்க்கானது. ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் சொன்ன பதில் ‘பங்களிப்பு போதாது’. பணம் பூஜ்யம்.

கையில் கிடைத்த சான்றுகள்

செப்டம்பர் 8 அன்று விஷயம் அந்தப் பகுதித் தொழிற்சங்க உதவி மையத்துக்கு வந்தது. முதல் வேலையாக இருப்பதெல்லாம் மேசையில் பரப்பப்பட்டது. காப்பீட்டு எண் அச்சிட்ட தாள். இணையத்தில் எடுத்த பங்களிப்பு விவரம். தனியார் மருத்துவமனைச் சீட்டு, டிஸ்சார்ஜ் சுருக்கம், எக்ஸ்ரே. செல்போனில் மூன்று சனிக்கிழமை வவுச்சர்களின் படம். விபத்துக்கு மறுநாள் சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி: ‘கை எப்படி இருக்கு, பில் சார் கட்டிட்டார்’.

இவற்றைவிட வலுவான சான்று பட்டறையில் வருகை பதியும் பஞ்ச் மெஷினில் இருந்தது. ஆகஸ்ட் 17 அன்று காலை 8.02க்கு உள்ளே போன பதிவு இருக்கிறது, வெளியே வந்த பதிவு இல்லை. ரத்தம் சொட்டச் சொட்ட ஓடியவர் விரலை வைத்துப் பஞ்ச் செய்துவிட்டுப் போகவில்லை. அன்றைய தாளை உடன் வேலை செய்த ஒருவர் படம் எடுத்துக் கொடுத்தார்.

சட்டத்தின் 51ஏ பிரிவு இங்கே உதவுகிறது. வேலையின் ஊடே விபத்து நடந்தது என்று நிறுவிவிட்டால், மாறான சான்று இல்லாதவரை அது வேலையின் காரணமாகவும் நடந்ததாகவே கொள்ளப்படும். ஆகவே எப்படி நடந்தது என்று நூறு சாட்சி தேட வேண்டியதில்லை. ஐந்து மணிக்கு அவர் மெஷின் முன் நின்றார் என்பது தெரிந்தால் போதும். உள்ளே வந்த பஞ்ச் அதைக் காட்டியது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதலில் பேசப்பட்டது இழப்பீட்டு வழக்கு. அது வேண்டாம் என்று முடிவானது. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர் அதே காயத்துக்கு வேறு சட்டத்தின்கீழ் முதலாளியிடம் இழப்பீடு கேட்பதை 53ஆம் பிரிவு தடுக்கிறது. பலர் தெரியாமல் அந்த வழியில் போய் ஒன்றிரண்டு வருடத்தை இழக்கிறார்கள். ஈ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருந்ததால், அது கடைசி வழியாக வைத்துக்கொள்ளப்பட்டது.

இரண்டாவது முடிவு, படிவம் 12ஐ, அதாவது விபத்து அறிக்கையை, முதலாளியிடமிருந்தே வாங்குவது. நிரந்தர ஊனம் வரக்கூடிய காயமென்றால் அதை உடனே அனுப்ப வேண்டியது முதலாளியின் கடமை. செப்டம்பர் 11 அன்று தொழிலாளியின் கையெழுத்தில் ஒரு பக்கக் கடிதம் பதிவுத் தபாலில் போனது: தேதி, நேரம், மெஷின், எந்த விரல், அருகில் இருந்தவர் யார். நகல் கிளை அலுவலகத்துக்கு. முதலாளி அறிக்கை தராவிட்டாலும் தகவல் கிடைத்ததை வைத்துக் கிளை அலுவலகம் விசாரிக்கலாம் என்பதால் அந்த நகல் முக்கியம்.

மூன்றாவது, கடிதம் அனுப்பிய கையோடு முதலாளியை நேரில் பார்த்துப் பேசுவது. சிறு பட்டறை முதலாளிகள் விபத்தை மறைப்பதற்கு ஒரு தவறான கணக்கு காரணம். ஈ.எஸ்.ஐ. தொகை தம் கையிலிருந்து போகும், அல்லது அடுத்த ஆண்டு சந்தா ஏறும் என்று நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. சந்தா கூலியில் 3.25 சதவீதம் முதலாளிக்கு, 0.75 சதவீதம் தொழிலாளிக்கு. எத்தனை விபத்து வந்தாலும் அது மாறாது. விபத்தைப் பதிந்தால் 53ஆம் பிரிவே அவருக்குக் கேடயம். சந்தாவைக் குறைத்துக் கட்டி, அதனால் தொழிலாளிக்குத் தொகை குறைந்தால், ஈ.எஸ்.ஐ. கழகம் அதைக் கொடுத்துவிட்டு 68ஆம் பிரிவின்கீழ் முதலாளியிடம் வசூலிக்க முடியும். அவர் உண்மையில் பயந்தது வேறு இரண்டுக்கு: டேப் சுற்றிய பொத்தானுக்காகத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் வரும், வவுச்சர் கூலி வெளியே வரும். அந்தப் பயம் நியாயமானது. அதை மறைக்காமல் ஒத்துக்கொண்டே பேசப்பட்டது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் வேலையைத் தடுக்கும் விபத்தைத் தொழிற்சாலைச் சட்டத்தின்கீழும் அறிவித்தாக வேண்டும் என்பதும் சொல்லப்பட்டது.

செப்டம்பர் 21 அன்று படிவம் 12 இணையத்தில் ஏறியது. முதல் வரைவில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதியிருந்தார்கள். அதற்காகச் சண்டை போடவில்லை. கவனக்குறைவு இந்த உதவித்தொகையைத் தடுக்காது. திருத்தச் சொன்னது ஒரே வரியைத்தான்: ‘அந்த நேரத்தில் செய்துகொண்டிருந்த வேலை’ என்ற இடத்தில் ‘மெஷின் அருகில் நின்றிருந்தார்’ என்று இருந்ததை ‘பிரஸ்ஸில் பிராக்கெட் வெட்டிக்கொண்டிருந்தார், மெஷின் மின்விசையில் ஓடிக்கொண்டிருந்தது’ என்று மாற்றச் செய்தார்கள்.

விசாரணை

கிளை அலுவலகத்திலிருந்து அக்டோபர் 5 அன்று பட்டறைக்கு வந்தார்கள். தனியார் மருத்துவமனைச் சீட்டில் உள்ள ‘கதவு’ என்ற சொல் அங்கே கேள்வியானது. அந்தச் சீட்டைத் திருத்தித் தரும்படி மருத்துவமனையைக் கேட்கலாமா என்ற யோசனை முன்பே கைவிடப்பட்டிருந்தது. திருத்திய மருத்துவத் தாள் எல்லாவற்றின் மேலும் சந்தேகத்தைக் கொண்டுவரும். சீட்டை அப்படியே விட்டு, அதைச் சொன்னவர் யார் என்பதைத் தொழிலாளி தன் வாக்குமூலத்தில் எழுதினார். சூப்பர்வைசரும் அதை மறுக்கவில்லை. உடன் வேலை செய்த இருவர், பஞ்ச் தாள், எக்ஸ்ரேயில் நேராக வெட்டுப்பட்ட எலும்பு ஆகியவை மீதியைச் சொல்லின. வேலைக் காயம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டு, ஆகஸ்ட் 28 முதல் கொடுத்த சர்டிபிகேட்டுகள் அந்தக் கணக்குக்கு மாற்றப்பட்டன.

இதற்கு இரண்டு நாள் முன்னால், அக்டோபர் 3 தேதியிட்டு, ‘அனுமதியின்றி வராததால் பெயர் நீக்கப்பட்டது’ என்று பட்டறைக் கணக்காளர் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். தற்காலிக ஊன உதவித்தொகைக் காலத்தில் கொடுக்கும் அந்த மாதிரி அறிவிப்பு 73ஆம் பிரிவின்படி செல்லாது. இரண்டு வரியில் பதில் போனது, கடிதம் திரும்பப் பெறப்பட்டது.

இன்னொரு சிக்கல் வருகையின்மை சரிபார்ப்பில் வந்தது. அலுவலகம் படிவம் 10 அனுப்பி, அந்த நாள்களில் வேலை செய்தாரா, கூலியுடன் விடுப்பா என்று முதலாளியைக் கேட்கும். கூலியுடன் விடுப்பு என்றால் அந்த நாள்களுக்கு உதவித்தொகை இல்லை, 63ஆம் பிரிவு. பட்டறைப் பதிவேட்டில் ஆகஸ்ட் 18 முதல் ஏழு நாள் ‘சம்பளத்துடன் விடுப்பு’ என்று போட்டு, அந்த 3,000 ரூபாயை அதில் காட்டியிருந்தார்கள். ஆனால் அப்போதைய தொழிற்சாலைச் சட்டத்தில் ஆண்டு விடுப்பு ஈட்ட ஒரு காலண்டர் ஆண்டில் 240 நாள் வேலை வேண்டியிருந்தது; ஆண்டின் நடுவில் சேர்ந்தவருக்கு அந்த ஆண்டின் மீதி நாள்களில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டரை மாதம் வேலை செய்தவருக்குச் சம்பள விடுப்பே இருக்க முடியாது. இதைச் சுட்டியதும் அந்தத் தொகை முன்பணம் என்று எழுத்தில் வந்தது.

பணம் வந்த விதம்

அக்டோபர் 16 அன்று முதல் தொகை: ஆகஸ்ட் 28 முதல் அக்டோபர் 8 வரை 42 நாளுக்கு, நாள் ஒன்றுக்கு 360 ரூபாய் வீதம் 15,120 ரூபாய். அக்டோபர் 9 முதல் நவம்பர் 5 வரை 28 நாளுக்கு 10,080 ரூபாய். நவம்பர் 6 முதல் வேலைக்குப் போகலாம் என்று கடைசி சர்டிபிகேட் கிடைத்தது. தனியார் மருத்துவமனையில் இருந்ததும் அதன் பிறகு வீட்டில் கிடந்ததுமான ஆகஸ்ட் 18 முதல் 27 வரை உள்ள பத்து நாளுக்கு ஈ.எஸ்.ஐ. டாக்டரின் சர்டிபிகேட் இல்லை. சூழ்நிலை நியாயமாக இருந்தால் வேறு பதிவுபெற்ற மருத்துவரின் சான்றை மாற்றுச் சான்றாகக் கழகம் ஏற்கலாம். அந்த வழியில் டிசம்பரில் 3,600 ரூபாய் வந்தது. மொத்தம் 80 நாள், 28,800 ரூபாய்.

360 என்பது 400இன் 90 சதவீதம். உண்மைக் கூலிக்கு 540 வந்திருக்க வேண்டும். அலுவலகம் அடிப்படையாக எடுத்துக்கொண்டது ஜூலைக் கணக்கை. 540 வரும் வரை காத்திருப்பதா, 360ஐ வாங்கிக்கொண்டு வித்தியாசத்தைத் தனியாகக் கேட்பதா? வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி. வாங்கிக்கொள்வதே சரி என்று முடிவானது. ‘குறைந்த கூலியின் அடிப்படையில், உரிமையை விட்டுக்கொடுக்காமல்’ என்று அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்த பிறகு.

வவுச்சரில் வாரந்தோறும் தரும் படி, பெயர் என்னவாக இருந்தாலும் கூலிதான். மூன்று வவுச்சர் படங்களோடு புகார் போனது. பட்டறையின் ரொக்கப் புத்தகத்தில் மீதியும் இருந்தது. ஜூலையில் மறைந்த கூலி 5,200 ரூபாய், அதற்கான மொத்தச் சந்தா 208 ரூபாய். நிலுவையும் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் கட்டப்பட்டன. 2024 மார்ச்சில் வித்தியாசமான 14,400 ரூபாய் வந்தது.

நிரந்தர ஊனத்தில் இதன் விளைவு

தற்காலிகத் தொகையின் நாள் வீதம் 80 நாளோடு முடிவதில்லை. மருத்துவக் குழு நிரந்தர ஊனத்தைச் சதவீதத்தில் நிர்ணயிக்கும்போது, அந்தச் சதவீதம் இதே நாள் வீதத்தின் மேல்தான் கணக்கிடப்படும். சட்டத்தின் அட்டவணையில் ஆட்காட்டி விரலின் ஒரு கணு இழப்பு 9 சதவீதம். எலும்பு போகாமல் நுனிச் சதை மட்டும் போயிருந்தால் 5. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ‘நுனி வெட்டு’ என்று மட்டும் இருந்ததால் எக்ஸ்ரேயைக் குழுவின் முன் வைக்க வேண்டியிருந்தது. குழு 9 சதவீதம் தந்தது. நடுவிரல் எலும்பு கூடிவிட்டதால் அதற்கு எதுவும் இல்லை.

360க்கு 9 சதவீதம் 32.40 ரூபாய். 540க்கு 48.60 ரூபாய். நாளுக்கு 16.20, ஆண்டுக்கு 5,913 ரூபாய் வித்தியாசம், ஆயுள் முழுக்க. மாதம் 208 ரூபாய்ச் சந்தாவை மறைத்ததன் விலை 26 வயதுக்காரருக்கு இது. வீதம் திருத்தப்பட்ட பிறகே நிரந்தரத் தொகையின் நிர்ணயம் வந்ததால் 48.60 கிடைத்தது.

அவர் நவம்பரில் அதே பட்டறையின் பேக்கிங் பகுதிக்குத் திரும்பினார். நான்கு மாதம் கழித்து வேறு இடம் போனார். பிரஸ்ஸின் பொத்தானிலிருந்து டேப் எடுக்கப்பட்டு, முன்பக்கத்தில் சென்சார் திரை பொருத்தப்பட்டது.

மறுபடி இப்படி நடந்தால்

எல்லாச் சிக்கலும் மருத்துவமனைப் பதிவு மேசையில் தொடங்கியது. அடிபட்டவர் பேசும் நிலையில் இருந்தால் காரணத்தை அவரே சொல்ல வேண்டும்: எந்தப் பட்டறை, எந்த மெஷின், எத்தனை மணி. கூட வந்தவர் வேறு சொன்னால் அங்கேயே திருத்தச் சொல்லலாம். எழுதும்போதே திருத்துவதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

உயிருக்கு ஆபத்தான நிலையில் எந்த மருத்துவமனைக்கும் போகலாம், ஆனால் டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போயிருந்தால் அந்தப் பத்து நாளில் பெரும்பகுதிக்கு மாற்றுச் சான்று தேட வேண்டி வந்திருக்காது. சர்டிபிகேட்டுகளில் ஒரு நாள்கூட இடைவெளி விழக்கூடாது. ஒன்று முடியும் நாளுக்குள் அடுத்ததை வாங்கிவிட வேண்டும்.

இந்த நிகழ்வைக் கையாண்ட விதத்திலும் ஒரு தவறு இருந்தது. வவுச்சர் கூலிப் புகாரைப் பணம் வரத் தொடங்கிய பிறகே கொடுத்தார்கள், முதலாளி படிவம் 12இல் கையெழுத்துப் போடும் வரை அவரைச் சீண்ட வேண்டாம் என்பதற்காக. படிவம் ஏறிய செப்டம்பர் 21 அன்றே அதைக் கொடுத்திருக்கலாம். மருத்துவக் குழு சற்று முன்னதாகக் கூடியிருந்தால் 32.40இல் நிர்ணயமாகி, அதைத் திருத்த இன்னொரு சுற்று அலைய வேண்டியிருந்திருக்கும். இப்போது உதவி மையத்துக்கு யார் வந்தாலும் முதல் நாளே இணையத்தில் ஏறியிருக்கும் கூலியையும் கையில் வாங்கிய கூலியையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி வைக்கிறார்கள்.